பின் சீட்டுக்கும் பெல்ட் உண்டு

திருப்பூரிலிருந்து கோவைக்கோ ஈரோட்டுக்கோ கிளம்பும் காரில் ஓட்டுகிறவர் பெல்ட் போடுவது இப்போது ஓரளவு பழகிவிட்டது. பின்னால் ஏறும் மூன்று பேரிடம் சொல்லிப் பாருங்கள், "பின்னாடி உட்கார்றவங்களுக்கு எதுக்குங்க பெல்ட்டு?" என்று உடனே பதில் வரும். புதுக் கார் எடுத்த வாரத்திலேயே சீட் கவர் போட்டுவிடுகிறோம். பின் சீட்டு பக்கிள் பல வண்டிகளில் அந்தக் கவருக்கு அடியில் போய்விடுகிறது. பிறகு யாரும் அதைத் தேடுவதில்லை. முன் சீட்டின் முதுகு நம்மைத் தாங்கிக்கொள்ளும் என்ற நம்பிக்கைதான் இதற்கு வேர். உயிரைக் குடிக்கும் நம்பிக்கை அது.

மோதலில் நிற்பது வண்டிதான். உள்ளே இருக்கும் உடம்பு வண்டி வந்த அதே வேகத்தில் முன்னே பாய்கிறது. 60 கிலோமீட்டர் வேகம் என்பது ஏறக்குறைய 14 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து தரையைத் தொடும் வேகம். நாலு மாடி பனியன் கம்பெனியின் மொட்டை மாடியிலிருந்து விழுகிறவரை ஒரு சீட்டின் முதுகு காப்பாற்றிவிடுமா? போதாததற்கு, அப்படிப் பாயும் உடம்பு முன்னால் பெல்ட் போட்டு ஒழுங்காக உட்கார்ந்திருப்பவரையும் நசுக்குகிறது. 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே பென்ஸ் கார் ஒன்று பாலத்தின் சுவரில் மோதியது. முன்னால் இருந்த இருவர் பலத்த காயத்தோடு பிழைத்தார்கள். பின் சீட்டில் பெல்ட் போடாமல் இருந்த தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரியும் இன்னொருவரும் இறந்தார்கள். அந்த ஓராண்டில் நாட்டில் பெல்ட் போடாததால் இறந்தவர்கள் 16,715 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம். அதில் 8,331 பேர் வண்டி ஓட்டியவர்கள் அல்லர், கூடப் போனவர்கள்.

"அவிநாசி வரைக்கும்தானே" என்பார்கள். ஷிப்ட் விடும் நேரத்தில் லாரியும் கம்பெனி வேனும் டூவீலரும் நெருக்கியடிக்கும் ரோட்டில்தான் திடீர் பிரேக் விழுகிறது. தீப்பிடித்தால் மாட்டிக்கொள்வோம் என்பது அடுத்த பயம். தீப்பிடிப்பது மிகச் சில விபத்துகளில்தான். அப்போதும் நினைவோடு இருக்கிறவரால்தான் பக்கிளை அழுத்திவிட்டு இறங்க முடியும், மண்டை உடைந்து மயங்கியவரால் முடியாது. 2020 பிப்ரவரி 20 விடியற்காலையில், அவிநாசி அருகே கன்டெய்னர் லாரி நடுத்தடுப்பைத் தாண்டி வந்து கேரள அரசுப் பேருந்தில் மோதி 19 பேர் இறந்ததைச் சொல்லி, அங்கே பெல்ட் என்ன செய்திருக்கும் என்று கேட்கிறவர்களும் உண்டு. வண்டியின் கூடே சிதைந்துபோகும் விபத்தில் பெல்ட்டால் ஆகக்கூடியது குறைவு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கூடு தாங்கி நிற்கும் விபத்தில் பிழைக்க வேண்டியவரையும் அந்தக் கணக்கில் சேர்ப்பது எந்த ஊர் நியாயம்?

எல்லாவற்றையும்விட மனதை உறுத்துவது மடியில் உட்காரும் குழந்தை. கெட்டியாகப் பிடித்துக்கொள்வேன் என்று தாய் மனமார நம்புகிறாள். 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதும் காரில், பத்துக் கிலோ குழந்தையைக் கை நழுவாமல் பிடிக்க, கிட்டத்தட்ட ஒரு பஞ்சுப் பேலைத் தூக்கும் பலம் வேண்டும். மில்லில் இறங்கும் பேல் ஒன்றின் எடை 170 கிலோ.