பெயரில்லா ஐசியும் நம் பொறுப்பும்

பழுதுபார்க்க வரும் போர்டுகளில் எழுத்தே இல்லாத பாகங்கள் பெருகிவிட்டன. பழுப்பு நிற செராமிக் சிப் கெப்பாசிட்டரில் மதிப்பு அச்சிடும் வழக்கமே பெரும்பாலும் இல்லை. 0402 அளவு ரெசிஸ்டரிலும் எண் கிடையாது. பிறர் நகலெடுக்கக் கூடாதென்று தயாரிப்பாளரே எழுத்தைச் சுரண்டிவிட்ட ஐசிகள் வேறு. எழுத்து இருந்தாலும் முழுதாக நம்ப முடியாது: மூன்று கால் எஸ்ஓடி-23 பாகங்களில் ஒரே குறியீட்டை இரு நிறுவனங்கள் இரு வேறு பாகங்களுக்கு இடுவதுண்டு. இந்த நிலையில், "பார்க்க அதே மாதிரிதான் இருக்கு" என்று ஸ்க்ராப் போர்டிலிருந்து எடுத்து வைக்கும் பழக்கத்தை நாம் கைவிட்டே ஆக வேண்டும். ஒரு பாகம் எதனோடு இணைந்திருக்கிறதோ, அதுதான் அதன் உறுதியான அடையாளம்.

அடாப்டர் போர்டில் முகம் கருகிய ஆறு கால் ஐசி ஒன்றை எடுத்துக்கொள்வோம். சிறு ரெசிஸ்டர் வழியாக மாஸ்ஃபெட்டின் கேட்டுக்குப் போகும் கால், டிரைவ். மாஸ்ஃபெட்டின் சோர்ஸில் உள்ள குறைந்த ஓம் ரெசிஸ்டரிலிருந்து வருவது கரண்ட் சென்ஸ். ஆப்டோகப்ளரின் கலெக்டரோடு சேர்வது ஃபீட்பேக். டிரான்ஸ்ஃபார்மரின் துணைச் சுற்றிலிருந்து டயோடு கடந்து எலக்ட்ரோலிட்டிக்கில் வந்து நிற்பது சப்ளை. 1 கிரவுண்ட், 2 ஃபீட்பேக், 4 சென்ஸ், 5 சப்ளை, 6 டிரைவ் என்று வரிசை அமைந்தால், பல நிறுவனங்கள் பின்பற்றும் ஓபி2263 வகை வரிசை அது. 3ஆம் காலில் இருப்பது அலைவெண்ணை நிர்ணயிக்கும் ரெசிஸ்டரா, சூட்டைக் கவனிக்கும் தெர்மிஸ்டரா என்று பார்த்தால் பட்டியல் இன்னும் சுருங்கும்.

மீட்டரும் பாதிதான் சொல்லும். கழற்றி அளந்த கெப்பாசிட்டரின் மைக்ரோஃபாரட் தெரியும். எத்தனை வோல்ட் தாங்கும் என்பது தெரியாது. அந்த லைனின் வோல்டேஜைப் போல் இரு மடங்காவது தாங்குவதைப் போடுங்கள். எக்ஸ்5ஆர், எக்ஸ்7ஆர் வகைகளில் டிசி வோல்டேஜ் ஏற ஏறக் கொள்ளளவு சரியும். மேசையில் 10 மைக்ரோஃபாரட் காட்டியது 12 வோல்ட் லைனில் பாதிக்கும் கீழே இறங்கலாம். உருவம் சிறுத்தால் இந்தச் சரிவு பொதுவாகக் கூடும். ஆகவே பழையதைவிடச் சிறிய உருவில் வாங்கிப் போடாதீர்கள்.

மெயின்ஸ் பக்கத்தில் ஊகத்துக்கே இடமில்லை. பிரைமரிக்கும் செகண்டரிக்கும் நடுவே உள்ள ஒய் கெப்பாசிட்டர் இருந்த இடத்தில் சாதாரண டிஸ்க்கைப் போட்டு, அது ஷார்ட் ஆனால், மெயின்ஸ் மின்சாரம் சார்ஜர் வயர் வழியாக வாடிக்கையாளரின் கைக்கே வந்துவிடும்.

பழுதில்லாத போர்டு கையில் கிடைக்கும்போதே குறித்துவையுங்கள்: போர்டு எண், சி17, கியூ3 என்று அச்சிட்ட இட எண், அளந்த மதிப்பு, ஓடும்போது வரும் வோல்டேஜ். அந்தக் குறிப்பைப் பக்கத்துக் கடைக்காரருக்கும், உங்களிடம் வேலை பழகும் பையனுக்கும் கொடுங்கள். தேடிக் கண்டுபிடிக்கும் நேரத்துக்கும் கூலி கேளுங்கள். அது உழைப்பின் விலை. எவ்வளவு தேடியும் அடையாளம் உறுதியாகாத போர்டை, காரணத்தைச் சொல்லித் திருப்பிக் கொடுங்கள். வாடிக்கையாளர் ஒருவேளை முகம் சுளிக்கலாம். ஆனால் உங்கள் சொல்லை நம்புவார்.