எக்ஸ்ரேயில் தெரியாத கடலை

"எக்ஸ்ரே நன்றாகத்தானே இருக்கிறது டாக்டர், பிறகு எதற்காக உள்ளே குழாய் விட்டுப் பார்க்க வேண்டும்?" குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பெற்றோர் கேட்கும் இந்தக் கேள்வி நியாயமானதே.

குழந்தை விழுங்கிய நாணயம் எக்ஸ்ரேயில் வெள்ளை வட்டமாகத் தெரியும். நிலக்கடலை தெரியாது, கதிர்கள் அதனூடே கடந்துவிடும். கடலை மூச்சுக்குழாயை அடைத்தால், உள்ளே போன காற்று வெளியேற முடியாமல் அந்தப் பக்க நுரையீரல் உப்பி நிற்கும். மூச்சை வெளிவிடும்போது எடுத்த படத்தில்தான் அது நன்றாகப் புலப்படும். இரண்டு வயதுக் குழந்தையிடம் அப்படி மூச்சுவிடச் சொல்ல யாரால் முடியும்? முதல் நாள் படம் முற்றிலும் இயல்பாகவே இருக்கக்கூடும்.

சி.டி. ஸ்கேன் இன்னும் நுட்பமாகக் காட்டும், கதிர்வீச்சும் கூடுதல். இருமும் குழந்தைக்கெல்லாம் அதை எழுதித் தருவதில் எனக்கு உடன்பாடில்லை. "கடலை தின்றுகொண்டிருந்தான், திடீரென்று புரையேறியது" என்று தாயோ பாட்டியோ சொல்லும் ஒரு வரியையே நான் பெரிய சான்றாகக் கொள்கிறேன். கடிந்துகொள்வார்களோ என்று அஞ்சிச் சிலர் அதை மறைத்துவிடுகிறார்கள். (சில வேளைகளில் நாங்களும் கேட்கத் தவறுகிறோம்.) வாரக்கணக்கில் இருமல் மருந்து கொடுத்து, நிமோனியா வந்த பிறகே உண்மை வெளிப்படுகிறது.

புரையேறிப் பத்து நாளாகியிருந்தாலும், குழந்தை இப்போது விளையாடிக்கொண்டிருந்தாலும், வந்தவுடன் அதைச் சொல்லுங்கள். பிராங்கோஸ்கோப்பி தேவையா என்பதை அதன் பிறகு சேர்ந்தே முடிவு செய்வோம்.