கூலியைச் சொல்லட்டும், கழற்றியதைக் காட்டட்டும்

அவுட்போர்டு என்ஜின் மாட்டி பைபர் படகு ஓட்டும் மீனவர் எவரிடமாவது பேசிப் பாருங்கள். பழவேற்காடோ குளச்சலோ, பேச்சு கடைசியில் ஒரு கேள்வியில் வந்து நிற்கும்: "நம்பி என்ஜினை விடுற மாதிரி ஒரு மெக்கானிக் இருக்காரா?" அந்தக் கவலை நியாயமானது. கரையில் நின்றுபோன என்ஜின் ஒரு நாள் பாட்டைக் கெடுக்கும். கடலுக்குள் நின்றுபோனால் படகில் இருப்பவர்களின் உயிருக்கே ஆபத்து. ஆனால், ஒரு மனிதரின் குணத்தை நாம் முன்கூட்டி அளந்துவிட முடியாது. அவர் செய்த வேலையை அளக்கலாம். வேலை கண்ணுக்குத் தெரியும்படி நடந்தால் நம்பிக்கை தானாக வரும். தெரியாதபடி நடந்தால் நல்ல மெக்கானிக்கின் மீதுகூடச் சந்தேகம் விழும். எனவே வேலையை எப்படிக் கண்ணுக்குத் தெரிய வைப்பது என்பதைத்தான் இங்கே விளக்க விரும்புகிறேன்.

முதலில் பணம் எந்த வழியில் போகிறது என்று பார்ப்போம். சர்வீஸ் செலவு என்பது சாமான் விலையும் கூலியும் சேர்ந்தது. சாமானுக்குப் பணம் கொடுக்க நம் கரைகளில் யாரும் பெரிதாகத் தயங்குவதில்லை. அது கையில் வாங்கிப் பார்க்கக்கூடிய பொருள். கூலி என்றதும்தான் முகம் சுருங்குகிறது. "ரெண்டு மணி நேரம் ஸ்பேனர் பிடிச்சதுக்கா இவ்வளவு?" என்று கேட்டு விடுகிறோம். அந்த இரண்டு மணி நேரத்துக்குப் பின்னால் இருக்கும் பல வருடப் பழக்கத்துக்கு நாம் விலை வைப்பதில்லை. மெக்கானிக்கும் குடும்பம் நடத்துகிறவர். கூலியை நேராகக் கேட்டால் பேரம் வரும் என்று தெரிந்து, அதைச் சாமான் விலைக்குள் வைத்துவிடுகிறார். இந்தப் பழக்கம் ஊன்றிவிட்டால் பிறகு நடப்பதை யாரும் தடுக்க முடியாது. நிறையச் சாமான் மாற்றினால்தான் அவருக்கு வருமானம். அடைப்பை எடுத்தால் சரியாகிற கார்புரேட்டரை, மாற்றினால்தான் ஆகும் என்று சொல்ல வேண்டிய இடத்துக்கு நேர்மையானவரும் மெல்லத் தள்ளப்படுகிறார். மீன் இல்லாத மாதங்களில் அவர் கொடுக்கும் கடனும் இதே பில்லுக்குள்தான் ஒளிந்துகொள்கிறது.

ஆகவே நியாயமான சர்வீஸின் முதல் படி, கூலியைத் தனியாகக் கேட்பதும், கேட்ட கூலி நியாயமாக இருந்தால் முணுமுணுக்காமல் கொடுப்பதும்தான். என்ஜினைத் திறந்து பார்த்துக் குறையைச் சொல்ல எவ்வளவு, குறை தெரிந்தபின் வேலைக்கு எவ்வளவு, சாமானுக்கு எவ்வளவு என்று மூன்றையும் பிரித்துப் பேசிக்கொள்ள வேண்டும். திறந்து பார்த்தபின் கூடுதல் வேலை தெரிந்தால், கைவைக்கும் முன் ஒரு போன் செய்து சொல்லச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக்குகள் இந்தப் பேச்சை விரும்புவார்கள். அவர்களுக்கும் பிறகு நடக்கும் சண்டை மிச்சம்.

அடுத்தது காலக்கணக்கு. பில் பெரிதாக வருவதற்குப் பெரும்பாலும் காரணம் மெக்கானிக் அல்ல, நாம் போகும் நேரம். யமஹா போன்ற நிறுவனங்களின் கையேட்டில் புது என்ஜினுக்கு முதல் 20 மணி நேரத்தில் அல்லது 3 மாதத்தில் ஒரு சர்வீஸ், அதன்பின் 100 மணி நேரத்துக்கு அல்லது வருடத்துக்கு ஒரு முறை என்று போட்டிருக்கும். இந்த "வருடம்" விடுமுறை நாளில் உல்லாசமாகப் படகு ஓட்டுகிறவருக்குப் பொருந்தும். நம் ஆள் ஒரு நாளைக்கு 4 மணி நேரம் என்ஜினை ஓட்டி, மாதத்தில் 25 நாள் தொழிலுக்குப் போனால், ஒரே மாதத்தில் 100 மணி நேரம் முடிந்துவிடும். வருடத்துக்கு ஒரு தடவை சர்வீஸ் செய்கிறேன் என்பவர், கையேடு சொல்வதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் என்ஜினை ஓட்டிய பிறகே பட்டறைக்கு வருகிறார். அப்போது தேய்ந்த சாமான்கள் ஒன்றையொன்று கெடுத்து வைத்திருக்கும். ஒரு சின்ன நோட்டில் ஓடிய நேரமும், மாற்றிய சாமானும், தேதியும் எழுதி வைத்தால் போதும். மணிக்கணக்கு காட்டும் மீட்டர் இல்லாவிட்டால் போட்ட எரிபொருளை வைத்துக் கணக்கிடலாம். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போகிறவரிடம் தேவையில்லாத வேலையைச் சொல்லச் சுலபத்தில் யாருக்கும் மனம் வராது.

இனி, என்ஜின் தானே காட்டிக்கொடுக்கும் அடையாளங்கள். இவற்றைப் படிக்கத் தெரிந்தவரின் கேள்விக்குப் பட்டறையில் மரியாதை உண்டு.

என்ஜின் ஓடும்போது பக்கத்திலிருந்து மெல்லிய தாரையாகத் தண்ணீர் பீய்ச்சும். "தண்ணி அடிக்குதா?" என்று படகில் கேட்டுக்கொள்வது இதைத்தான். கீழே இருக்கும் ரப்பர் இம்பெல்லர் கடல்நீரை மேலே தள்ளி என்ஜினைக் குளிர வைக்கிறது. தாரை நின்றால் உடனே என்ஜினை நிறுத்த வேண்டும். ஆனால் நின்றதற்குக் காரணம் எப்போதும் இம்பெல்லர் அல்ல. வெளிவரும் சின்னத் துளையில் உப்போ மணலோ அடைத்திருந்தாலும் தாரை நிற்கும். ஒரு மெல்லிய கம்பியால் குத்திவிட்டால் வேலை முடிந்தது. அதைப் பார்க்காமல் வாட்டர் பம்ப் முழுவதையும் மாற்றச் சொன்னால், "துளையைக் குத்திப் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். இன்னொன்று: மணல் கலந்த ஆழமில்லாத தண்ணீரில் ஓட்டுவதும், கரையில் தண்ணீர் இல்லாமல் ஸ்டார்ட் செய்து பார்ப்பதும் இம்பெல்லரைத் தின்றுவிடும். தண்ணீரே இல்லாமல் ஓடினால் அந்த ரப்பர் மிகச் சீக்கிரம் கருகும். என்ஜின் சரியாகிவிட்டது என்று காட்டுவதற்காகப் பட்டறையில் தண்ணீர் வைக்காமல் ஓட்டிக் காட்டுகிற இடத்தில் என்ஜினை விடாதீர்கள். ஒரு டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி, அதில் இறக்கி ஓட்டிப் பார்க்கிறவரே தொழில் தெரிந்தவர்.

கியர் ஆயில் இன்னும் நிறையச் சொல்லும். கீழ்த் திருகைக் கழற்றி ஆயிலை வடிக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். அது பால் கலந்த டீ போல வந்தால் உள்ளே கடல்நீர் புகுந்துவிட்டது. புதிய ஆயில் ஊற்றி மூடிவிட்டால் அடுத்த வாரமே அதே நிலை திரும்பும், ஏனென்றால் கோளாறு சீலில் இருக்கிறது. நம் கரைகளில் சீல் கெடுவதற்கு மிகச் சாதாரணமான காரணம் நைலான். வலை நூலோ தூண்டில் நரம்போ புரொபெல்லருக்குப் பின்னால் தண்டில் சுற்றிக்கொண்டு, ஓட ஓட இறுகி, ரப்பர் சீலை அறுத்துவிடும். ஆகவே புரொபெல்லரைக் கழற்றி அந்த இடத்தைப் பார்த்தாரா என்பதுதான் இங்கே கேட்க வேண்டிய கேள்வி. இதை நாமே மாதம் ஒரு முறை செய்துகொள்ளலாம். ஆயிலை நிரப்பும்போது கீழ்த் துளை வழியாகத்தான் ஏற்ற வேண்டும், மேல் துளையில் வழியும் வரை. அப்போதுதான் காற்று வெளியேறும். மேலிருந்து ஊற்றுகிறவர் அவசரப்படுகிறார் என்று அர்த்தம்.

அனோடு எனப்படும் துத்தநாக அல்லது அலுமினியக் கட்டி, உப்பு நீரின் அரிப்பைத் தன்மேல் வாங்கிக்கொண்டு என்ஜினைக் காக்கிறது. பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும். அதன்மேல் பெயிண்ட் அடிக்கக் கூடாது. இது மலிவான சாமான். சர்வீஸ் முடிந்து வந்த என்ஜினில் அனோடு கரைந்த நிலையிலேயே இருந்தால், அந்தச் சர்வீஸ் எவ்வளவு கவனமாக நடந்தது என்று அதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

எரிபொருள் விஷயத்தில் மெக்கானிக்கின் மேல் வீண்பழி விழுவதும் உண்டு. இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் வரை கலந்திருக்கிறது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் ஓரளவுக்கு மேல் சேர்ந்தால் பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்க் அடியில் தங்கும். யமஹா, மெர்குரி போன்ற நிறுவனங்கள் தங்கள் அவுட்போர்டுகளுக்கு 10 சதவீதம் வரைதான் சொல்லியிருக்கின்றன. கடற்கரை ஈரத்தில் கேனில் வாரக்கணக்கில் கிடந்த பெட்ரோலைப் போட்டுவிட்டு, "போன வாரம்தான் கார்புரேட்டர் கிளீன் பண்ணாரு, மறுபடி நிக்குது" என்று அவரைத் திட்டுவதில் நியாயமில்லை. தண்ணீரைப் பிரிக்கும் பில்டர் ஒன்றை வாங்கி மாட்டிக்கொள்வது அந்தச் சண்டையைவிட மலிவு. டூ-ஸ்ட்ரோக் ஆயிலும் அப்படித்தான். அவுட்போர்டுக்கென்று டிசி-டபிள்யூ3 தரம் பொறித்த ஆயில் இருக்கிறது. பைக்குக்கான 2டி ஆயில் மலிவாகக் கிடைத்தாலும் அது எரிந்தபின் சாம்பல் விடும். கலவை பெரும்பாலும் 50-க்கு 1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி. உங்கள் மாடலுக்கு எவ்வளவு என்று கையேட்டைப் பாருங்கள். மண்ணெண்ணெயில் ஓடும் என்ஜினைப் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறியபின் மாற்றி, நிறுத்தும் முன் மறுபடி பெட்ரோலுக்குக் கொண்டுவர வேண்டும். இந்தப் பழக்கம் தவறினால் பிளக் கரி பிடிப்பதற்கு எந்த மெக்கானிக்கும் பொறுப்பல்ல.

பெரிய பில் வருவது போரிங், பிஸ்டன் வேலையில். "கம்ப்ரஷன் போயிடுச்சு" என்ற ஒரு வார்த்தையை நம்பிப் பெருந்தொகையை எடுத்து வைக்கிறோம். கம்ப்ரஷனை அளக்கக் கருவி இருக்கிறது. பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் கேஜை மாட்டி, கயிற்றை இழுத்தால் எண் தெரியும். இரண்டு சிலிண்டரிலும் அளந்து எண்ணை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக, போன தடவை இருந்த அளவுக்குப் பக்கத்தில் இருந்தால், பவர் குறைவதற்குக் காரணத்தை வேறு எங்காவது தேட வேண்டும். ஒன்று மட்டும் மற்றதைவிட 15 சதவீதத்துக்கு மேல் இறங்கியிருந்தால் திறந்துதான் ஆக வேண்டும். கேஜ் இல்லாமல் காதால் கேட்டே பிஸ்டன் வேலை சொல்லும் பட்டறையில் இன்னொருவரின் கருத்தையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

வேலை முடிந்ததும் கழற்றிய பழைய சாமான்களை, புதியவை வந்த பெட்டியோடு, திருப்பிக் கேளுங்கள். இதைக் கேட்க நம்மவர்கள் கூச்சப்படுகிறார்கள். "என்னை நம்பலையா?" என்று அவர் நினைத்துவிடுவாரோ என்ற தயக்கம். அந்தத் தயக்கத்தை விட்டாக வேண்டும். வேலை ஆரம்பிக்கும் முன்பே "பழசையெல்லாம் எடுத்து வைங்கண்ணே, பார்த்துத் தெரிஞ்சுக்கிறேன்" என்று சொல்லிவிட்டால் யார் மனமும் நோகாது. தேய்ந்த இம்பெல்லரின் வளைந்த இதழ்களைக் கையில் வைத்துப் பார்த்தவர் அடுத்த தடவை மணலில் ஓட்ட யோசிப்பார். போலிச் சாமான் பிரச்சினைக்கும் இதுவே ஓரளவு காப்பு. பெட்டியின் பார்ட் நம்பரைக் கையேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். கம்பெனிச் சாமான் அல்லாதவை எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். கம்பெனிச் சாமானுக்கு விலை வாங்கிக்கொண்டு வேறொன்றை மாட்டுவதுதான் குற்றம்.

பில்லும் அப்படியே. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, விற்ற பொருளுக்கோ செய்த சேவைக்கோ உரிய முறையில் பில் தராததை நியாயமற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாக 2(47) பிரிவில் வைத்திருக்கிறது. சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே பொருள் வாங்கியவரை அந்தச் சட்டம் வியாபாரி என்று ஒதுக்குவதில்லை, அவரும் நுகர்வோர்தான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. ஆனால், துண்டுச் சீட்டில் "மொத்தம்" என்று மட்டும் எழுதி வாங்கிவந்தவர் இந்த வாசல்களில் போய் நின்றாலும் தன் பக்கத்தை நிரூபிப்பது கடினம்.

தனி மனிதரால் ஆகாத பகுதியும் ஒன்று இருக்கிறது. புதிய போர்-ஸ்ட்ரோக் என்ஜின்களில் எரிபொருளைக் கணினி பார்த்துக்கொள்ளும் மாடல்களின் குறையைக் கம்பெனியின் கருவி வைத்தால்தான் படிக்க முடிகிறது. ஊர் மெக்கானிக்குக்கு அந்தக் கருவியும் தகவலும் எட்டாத தூரத்தில் இருக்கின்றன. பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் துறை 2022-இல் குழு அமைத்தபோது விவசாயக் கருவிகள், கைபேசி மற்றும் மின்னணுச் சாதனங்கள், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகளை எடுத்துக்கொண்டது. மீனவரின் என்ஜினுக்கு அதில் தனி இடமில்லை. டிராக்டருக்குக் கிடைக்கும் உரிமை படகு என்ஜினுக்கும் வேண்டும் என்று மீனவர் சங்கங்கள் எழுத்தில் கேட்க வேண்டும்.

மீனவர்கள் சேர்ந்தே பட்டறை நடத்த முடியும் என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 1980-இல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு அவுட்போர்டு என்ஜின்களைத் தருவித்ததோடு, அவற்றைப் பழுதுபார்க்கும் பட்டறைகளையும் நடத்தியது. எல்லாக் குப்பத்திலும் உடனே ஒரு பட்டறை எழும்பும் என்று எதிர்பார்க்கத் தேவையில்லை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் நிற்கும் 61 நாட்களில் சிறுபடகின் மீனுக்கு நல்ல விலை. அந்த நாட்களுக்கு முன் ஊர்ப் பஞ்சாயத்தார் உள்ளூர் மெக்கானிக்குகளை அழைத்து உட்கார்ந்து பேசினால் ஒரு மாலையில் முடிகிற வேலை இது: இம்பெல்லர் மாற்ற இவ்வளவு, சீல் மாற்ற இவ்வளவு, கார்புரேட்டர் சுத்தம் செய்ய இவ்வளவு என்று கூலியை இரு தரப்பும் ஒப்புக்கொண்டு, ஏலக்கூடத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி மாட்டலாம். டீசல் விலை ஏறும்போது கூலியையும் ஏற்றித் தர வேண்டும் என்பதையும் அதே பலகையில் எழுதுங்கள்.