படம் போட்ட தீர்ப்பு

நேயர்களே, கதைக்குப் படம் போடுகிறோம். தொடர்கதைக்குப் படம் போடுகிறோம். துணுக்குக்குக்கூடச் சில சமயம் படம் போடுகிறோம். ஒரு வாரம் படம் குறைந்து போனால் கோபித்துக்கொண்டு கடிதம் எழுதுகிறவர்கள் நீங்கள். ஆனால் கோர்ட்டுத் தீர்ப்புக்குப் படம் போட்டு எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

2022-ம் வருஷம் ஜூன் 27-ந் தேதி அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்பு அளித்தது. நீதிபதிகளில் ஆறு பேர் ஒரு பக்கம், மூன்று பேர் மறு பக்கம். தோற்ற பக்கத்தின் சார்பில் ஆட்சேபணைத் தீர்ப்பு எழுதிய ஸோனியா ஸோட்டோமேயர் அம்மாள் அதில் புகைப்படங்களைச் சேர்த்துவிட்டார். “அந்த ஆறு பேரும் நடந்ததாகச் சொல்வது ஒன்று, நடந்தது வேறொன்று, நீங்களே பாருங்கள்” என்பதுதான் அந்தப் படங்களுக்கு அர்த்தம்.

வழக்கு என்ன தெரியுமா? ஒரு மனிதர் கடவுளுக்கு நன்றி சொன்னார். அவ்வளவுதான். அதற்கா ஏழு வருஷம் கோர்ட்டும் கச்சேரியுமாக அலைந்தார்கள் என்று கேட்பீர்கள். விவகாரத்தைக் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொன்னால்தான் அதன் சிக்கல் புலப்படும்.

*

அமெரிக்காவின் மேற்குக் கோடியில் வாஷிங்டன் என்று ஒரு மாகாணம் இருக்கிறது. தலைநகரான வாஷிங்டன் வேறு, இது வேறு. அங்கே ஸியாட்டில் பட்டணத்திலிருந்து படகேறி ஒரு மணி நேரம் போனால் பிரெமர்ட்டன் என்ற ஊர் வரும். கடற்படைக் கப்பல்களைப் பழுது பார்க்கும் பெரிய துறை ஒன்று அங்கே உண்டு. அதில் வேலை பார்த்துவந்தவர் ஜோசப் கென்னடி. அதற்கு முன்பு ‘மரீன்’ படையில் பல வருஷங்கள் இருந்தவர். 2008-ல் அந்த ஊர் உயர்நிலைப் பள்ளியின் புட்பால் கோஷ்டிக்கு உதவிப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். அது தனியார் பள்ளிக்கூடம் அல்ல. ஜனங்களின் வரிப்பணத்தில் நடப்பது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்கர் புட்பால் என்று சொல்வது நாம் காலால் உதைக்கும் பந்து அல்ல. முட்டை வடிவமான பந்து; அதைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள்; ஓடுகிறவனை மற்றவர்கள் மோதிக் கீழே தள்ளுவார்கள். தலைக்குக் கவசம், தோளுக்கு மெத்தை எல்லாம் கட்டிக்கொண்டுதான் இறங்க வேண்டும். மைதானத்தின் நீளம் நூறு கஜம். நட்ட நடுவில் ஐம்பதாவது கஜக் கோடு.

சினிமா பார்த்துக் கெட்டுப்போனவர்களைப் பற்றி நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். கென்னடியோ சினிமா பார்த்து விரதம் பூண்டவர்! பக்தியுள்ள ஒரு புட்பால் பயிற்சியாளரைப் பற்றிய படம் அது. அதைப் பார்த்த பிறகு, ஜயித்தாலும் தோற்றாலும், ஒவ்வோர் ஆட்டத்தின் முடிவிலும் ஐம்பதாவது கஜக் கோட்டில் மண்டியிட்டு, தம் பிள்ளைகளுக்காகக் கடவுளுக்கு நன்றி சொல்வது என்று சங்கற்பம் செய்துகொண்டார். அரை நிமிஷத்தில் முடிந்துபோகும் பிரார்த்தனை.

ஆரம்பத்தில் தனியாகத்தான் மண்டியிட்டார். பிறகு சில பையன்கள் வந்து, “நாங்களும் சேர்ந்துகொள்ளலாமா?” என்று கேட்டார்கள். “இது சுதந்திர நாடு, உங்கள் இஷ்டம்” என்றார். சில பேர் பல பேர் ஆனார்கள். சில ஆட்டங்களில் எதிர்க் கோஷ்டியாரும் வந்து சேர்ந்துகொண்டார்கள். நாளடைவில் அவர் பிள்ளைகளின் தலைக்கவசத்தை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கடவுளின் பெயரையும் சேர்த்து உற்சாகப் பிரசங்கம் செய்ய, சுற்றிலும் பையன்கள் மண்டியிட்டுக் கேட்பது வழக்கமாயிற்று.

ஏழு வருஷம் ஒருவரும் புகார் சொல்லவில்லை. புகார் வந்து வம்பு பிறப்பதைத்தான் நாம் கண்டிருக்கிறோம். இங்கே வம்பு பிறந்தது ஒரு பாராட்டினால்! 2015 செப்டம்பரில், வேறொரு பள்ளியின் பயிற்சியாளர் பிரெமர்ட்டன் தலைமை ஆசிரியரிடம், “உங்கள் கென்னடி எங்கள் பிள்ளைகளையும் பிரார்த்தனைக்குக் கூப்பிட்டார், நீங்கள் இதை அனுமதிப்பது ரொம்ப நன்றாயிருக்கிறது” என்று மெச்சினாராம். மேலிடத்துக்கு அப்போதுதான் விஷயம் தெரிந்தது. தெரிந்ததும் வயிற்றில் புளி கரைத்தது.

*

ஏன் கரைக்க வேண்டும்? அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் 1791-ல் அமுலுக்கு வந்தது. மதத்தைப் பற்றி அது இரண்டு விஷயங்களைச் சேர்த்துச் சொல்கிறது. சர்க்கார் எந்த மதத்தையும் ஸ்தாபிக்கக் கூடாது என்பது ஒன்று. எவனும் தன் மதத்தை அநுசரிப்பதைச் சர்க்கார் தடுக்கக் கூடாது என்பது மற்றொன்று. சம்பளம் வாங்கும் பயிற்சியாளர் மைதானத்தில் பிரார்த்தனை செய்கிறபோது, அவர் யார்? சர்க்காரா, தனி மனிதரா? சர்க்கார் என்றால் முதல் விதி தடுக்கிறது. தனி மனிதர் என்றால் இரண்டாவது விதி காப்பாற்றுகிறது.

இந்தச் சங்கடம் புதிதல்ல. 1962-ல் நியூயார்க் பள்ளிக்கூடங்களில் தினசரி சொல்லிவந்த ஒரு பிரார்த்தனை சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. கல்வி அதிகாரிகளே எழுதிக் கொடுத்தது. மொத்தம் 22 வார்த்தைகள். விருப்பமில்லாதவன் சொல்ல வேண்டாம் என்று சலுகையும் இருந்தது. அப்படியும் கூடாது என்றது கோர்ட்டு. 2000-ம் வருஷம் டெக்ஸாஸ் மாகாணத்தில் ஸாண்டா பே என்ற ஊரின் வழக்கு. புட்பால் ஆட்டத்துக்கு முன் ஒலிபெருக்கியில் ஒரு மாணாக்கன் பிரார்த்தனை சொல்லுவான். அதுவும் கூடாது என்று தீர்ப்பாயிற்று. வழக்குப் போட்டவர்கள் நாஸ்திகர்கள் என்று நினைக்கிறீர்களா? இல்லை. ஒன்று கத்தோலிக்கக் குடும்பம், மற்றது மார்மன் குடும்பம். ஊராரின் கோபத்துக்குப் பயந்து அவர்கள் பெயரைக் கோர்ட்டு ரகசியமாக வைத்திருந்தது. 2008-ல் நியூஜெர்ஸியில், பல வருஷங்களாகப் பிரார்த்தனை நடத்திவந்த ஒரு பயிற்சியாளர், “பிள்ளைகள் பிரார்த்தனை செய்யும்போது நான் தலை குனிந்தாலாவது போதும்” என்று மன்றாடினார். அதற்கும் அப்பீல் கோர்ட்டு இடம் கொடுக்கவில்லை.

ஆகவே பிரெமர்ட்டன் நிர்வாகத்தார் பயந்ததில் ஆச்சரியம் இல்லை. “பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டாம், பிரார்த்தனை செய்வதானால் தனியாக, உத்தியோகத்துக்குக் குந்தகமில்லாமல் செய்யுங்கள்” என்று கென்னடிக்குக் கடிதம் எழுதினார்கள். அவரும் முதலில் இணங்கினார். பிரசங்கத்தை நிறுத்தினார்.

ஓர் இரவு, ஆட்டம் முடிந்து காரில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். கடவுளுக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டோமே என்று மனசு அறுத்தது. பாதி வழியில் காரைத் திருப்பினார். மைதானத்துக்கு வந்தபோது அங்கே ஒருவருமில்லை. தன்னந்தனியாக நடுக்கோட்டுக்கு நடந்து, மண்டியிட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

இதைப் படித்தபோது அந்த மனிதரிடம் எனக்கு மிகுந்த மரியாதை உண்டாயிற்று என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

*

கதை அத்துடன் முடிந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். அக்டோபரில் வக்கீல்கள் வந்தார்கள். அடுத்த ஆட்டத்தில் மறுபடி மண்டியிடப் போவதாக அறிவிப்பும் வந்தது. பத்திரிகைகளும் டெலிவிஷனும் வந்தன. அக்டோபர் 16-ந் தேதி கென்னடி மைதானத்தில் மண்டியிட்டதும், வேடிக்கை பார்க்க வந்த ஜனங்கள் வேலியைத் தாண்டிக் குதித்து ஓடி வந்தார்கள். அந்த அமளியில் பாண்டு வாத்தியம் வாசிக்கும் குழந்தைகள் சிலர் கீழே தள்ளப்பட்டார்கள். ‘சாத்தான் கோயில்’ என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு சங்கத்தார், “அவருக்கு மைதானம் உண்டென்றால் எங்களுக்கும் உண்டு” என்று வந்து நின்றார்கள். நியாயமான கேள்விதானே! தலைமைப் பயிற்சியாளர் தம் உயிருக்கே பயந்து, பதினொரு வருஷ வேலையை விட்டு விலகினார். அக்டோபர் 23, 26 தேதிகளிலும் கென்னடி மண்டியிட்டார். நிர்வாகம் அவரைச் சம்பளத்துடன் லீவில் இருக்கச் சொல்லிற்று. அடுத்த வருஷத்துக்கு அவர் விண்ணப்பம் போடவில்லை, வழக்குப் போட்டார்.

கீழ்க் கோர்ட்டுகளில் தோற்று, சுப்ரீம் கோர்ட்டில் ஜயித்தார். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி நீல் கார்ஸச். அவர் கட்சியையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அந்த மூன்று நாட்களின் பிரார்த்தனைக்காகத்தான் கென்னடி தண்டிக்கப்பட்டார். அப்போது அவர் தம் மாணாக்கரைக் கூப்பிடவில்லை. ஆட்டம் முடிந்த அந்த இடைவேளையில் மற்றப் பயிற்சியாளர்கள் டெலிபோனைப் பார்க்கலாம், சிநேகிதர்களிடம் பேசலாம். இவர் மட்டும் கடவுளிடம் பேசக் கூடாதா? பிறருடைய பிரார்த்தனையைச் சகித்துக்கொள்ளவும் பிள்ளைகள் கற்றுக்கொள்ள வேண்டாமா? இப்படிப் போகிறது அவர் வாதம். ‘சர்க்கார் மதத்தை ஆதரிப்பதாகத் தோன்றுகிறதா’ என்று பார்க்கும் பழைய உரைகல்லையும் ஒதுக்கிவிட்டார்கள். ஆனால் மாணாக்கரை நிர்ப்பந்தப்படுத்தலாம் என்று அந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை. 1962-ம் வருஷத் தீர்ப்பும் ஸாண்டா பே தீர்ப்பும் ரத்தாகவில்லை.

மூன்று நாளை மட்டும் பார்த்தால் கார்ஸச் சொல்வது சரிதான் என்று தோன்றும். ஏழு வருஷத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கின்றன ஸோட்டோமேயர் அம்மாளின் படங்கள். ஒரு படத்தில் கென்னடி நிற்கிறார். சுற்றிலும் பையன்கள் மண்டியிட்டிருக்கிறார்கள். அந்தப் பையன்களின் மனசுக்குள் என்ன இருந்தது? படத்தில் அது தெரியாது.

ஆனால் கோர்ட்டு தஸ்தாவேஜில் கொஞ்சம் தெரிகிறது. ஒரு பையனுடைய தகப்பனார் நிர்வாகத்திடம் சொன்னார்: அவன் கடவுள் நம்பிக்கை இல்லாதவன், ஆனாலும் மண்டியிட்டான், மண்டியிடாவிட்டால் ஆடுவதற்குச் சந்தர்ப்பம் குறைந்துவிடுமோ என்று பயம். கோஷ்டியிலிருந்து ஒதுங்கி நிற்க மனமில்லாமல் சேர்ந்துகொண்டவர்களும் உண்டு. கென்னடி இல்லாத சமயங்களில் பையன்கள் தாங்களாகக் கூடிப் பிரார்த்தனை செய்ததாகவும் தெரியவில்லை.

நேயர்களே, உங்கள் பள்ளிக்கூட நாட்களைச் சற்று ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். நாளை மாட்சு. பதினோரு பேர் பட்டியல் டிரில் மாஸ்டரின் சட்டைப் பையில் இருக்கிறது. அவர், “நான் கோயிலுக்குப் போகிறேன், இஷ்டமுள்ளவர்கள் வரலாம்” என்கிறார். பன்னிரண்டாவது பையனுக்கு அன்றைக்குப் பக்தி பொங்குமா, பொங்காதா? மாஸ்டர் பரம சாது. வராதவன் பெயரை அடிக்கவே மாட்டார். இருக்கட்டும். அது மாஸ்டருக்குத் தெரியும், பையனுக்குத் தெரியுமா? பட்டியலைக் கையில் வைத்திருப்பவர் ‘உங்கள் இஷ்டம்’ என்று சொன்னால், அந்த வார்த்தையில் இஷ்டம் பாதி, பயம் பாதி.

பிரெமர்ட்டனில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று ஸோட்டோமேயர் அம்மாள் ஒரு ஜாபிதா கொடுத்திருக்கிறார். பல பிரிவுக் கிறிஸ்தவர்கள், யூதர்கள், முஸ்லிம்கள், பௌத்தர்கள், சீக்கியர்கள், பார்ஸி மதத்தவர், அவர்களுடன் ஹிந்துக்களும். ஸியாட்டில் பக்கத்தில் தமிழ்க் குடும்பங்களுக்குக் குறைவில்லை. உங்கள் பேரனோ, மருமானோ அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் தோளுக்கு மெத்தை கட்டிக்கொண்டு நிற்கலாம். வீட்டில் அவன் விபூதி இட்டுக்கொள்கிறவனாக இருக்கலாம். ஒன்றும் இட்டுக்கொள்ளாதவனாகவும் இருக்கலாம். எல்லோரும் மண்டியிடும்போது அவன் மட்டும் நிற்பதா, கூட உட்காருவதா? நின்றால் கோஷ்டி போயிற்று. உட்கார்ந்தால் தன் மனசு போயிற்று. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இது பெரிய பரீட்சை. இந்தப் பரீட்சையை வைக்கிற உரிமை பள்ளிக்கூடத்துக்கு இல்லை என்பதே என் அபிப்பிராயம். கென்னடி எந்த மதத்தவராக இருந்தாலும், அவர் நம் மதத்தவராகவே இருந்தாலும், இதையேதான் சொல்வேன்.

பின்கதையைக் கேளுங்கள். ஜயித்த கென்னடிக்கு வேலை திரும்பக் கிடைத்தது. அவருடைய வக்கீல்களுக்காகப் பள்ளி நிர்வாகம் சுமார் 17 லட்சத்து 75 ஆயிரம் டாலர் கொடுக்க நேர்ந்தது. 2023 செப்டம்பர் 1-ந் தேதி, ஆட்டம் முடிந்ததும், அவர் நடுக்கோட்டுக்குப் போய்த் தனியாக மண்டியிட்டு, சில விநாடிகள் பிரார்த்தித்துவிட்டு எழுந்தார். சில நாட்களில் ராஜினாமாக் கொடுத்துவிட்டார். வேறு மாகாணத்தில் குடும்பத்தில் ஒருவர் நோயாய் இருப்பதாகக் காரணம் சொன்னார். மொத்தம் ஒரே ஓர் ஆட்டம்.

அந்தப் பிரார்த்தனைக்கும் பத்திரிகைப் படக்காரர்கள் வந்திருந்தார்கள். ஆனால் இந்த வழக்கை நினைக்கும் போதெல்லாம் என் மனசில் வருவது ஒருவரும் படம் பிடிக்காத அந்த இரவுதான். காலி மைதானம், பாதி வழியிலிருந்து திரும்பி வந்த ஒரு மனிதர். அன்று அவர் பக்தியில் ஒரு குறைவும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பயந்துகொண்டு பக்கத்தில் மண்டியிட ஒரு பையனும் அன்று அங்கே இல்லை.