ரீஹேப் முடிஞ்சாச்சா? எஸ்ஐபி அப்புறம், முதல்ல ரூமை மாத்துங்க

எமர்ஜென்சி ஃபண்ட் எதுக்குன்னு நம்ம சேனல்ல பேசும்போதெல்லாம் வேலை போனா, அப்பாவுக்கு ஆபரேஷன்னா என்றுதான் சொல்லியிருக்கேன். இன்னொரு செலவைச் சொல்லாமலே விட்டுட்டேன். குடியிலிருந்தோ வேற போதையிலிருந்தோ வெளியே வர்ற முதல் ஆறு மாசம் நீங்க தங்கப் போற இடத்துக்கான செலவு அது.

என்கூட ஆர்ட்டிகிள்ஷிப் பண்ண நண்பன் ஒருத்தன், 30 நாள் சிகிச்சை முடிச்சு 70,000 ரூபாய் பில் கட்டிட்டு, வேளச்சேரியில இருந்த பழைய பேச்சிலர் ரூமுக்கே திரும்பினான். "அட்வான்ஸ் அங்கதானடா மாட்டியிருக்கு, வாடகையும் கம்மி"ன்னான். மூணு ரூம்மேட், ஃப்ரிட்ஜ்ல எப்பவும் பாட்டில். யாரும் அவனை வற்புறுத்தலை. அஞ்சாவது வாரம் அவனே எடுத்தான்.

இப்போ கணக்கைப் பாருங்க. அந்த ரூமும் சாப்பாடும் மாசம் 12,000. குடிக்காதவங்க மட்டும் சேர்ந்து தங்குற இல்லம் ஒண்ணு 18,000 கேட்டுச்சு. ஆறு மாசத்துக்கு வித்தியாசம் 36,000. அதை மிச்சம் பிடிக்கப் போய், மறுபடியும் 70,000 சிகிச்சைச் செலவு, லாஸ் ஆஃப் பேயில ஒரு மாசச் சம்பளம் 45,000, ஆக 1,15,000 போச்சு. இடம் மாறியிருந்தா கண்டிப்பா குடிச்சிருக்க மாட்டான்னு நான் சொல்லலை. ஆனா "கிரெடிட் கார்டு பாக்கியை முடி, எஸ்ஐபியை நிறுத்தாதே"ன்னு அவனுக்கு அட்வைஸ் பண்ணது நான்தான். தப்பான அட்வைஸ். எஸ்ஐபியை ஆறு மாசம் நிறுத்தி வைக்கலாம். கார்டு பாக்கியை இஎம்ஐயா மாத்தித் தரச் சொல்லி பேங்க்ல கேக்கலாம்.

இந்த மாதிரி இல்லம் ஆஸ்பத்திரி இல்ல. திடீர்னு குடியை நிறுத்தினா உடம்புக்கே ஆபத்து வரலாம். அந்தக் கட்டம் டாக்டர்கிட்டதான். அதுக்கு அப்புறம், வேலைக்குப் போயிட்டு ராத்திரி திரும்பி வர்றதுக்குத்தான் இந்த இடம். நம்ம ஊர்ல இது குறைவு. சிகிச்சை எடுத்த மையத்துலயே ஹாஃப்வே ஹோம் இருக்கான்னு டிஸ்சார்ஜுக்கு முன்னாடியே கேளுங்க. 14446-ங்கிற இலவச உதவி எண்ணிலும் விசாரிக்கலாம்.

அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி நேர்ல போய்ப் பாருங்க. சிகிச்சையும் தர்றோம்னு சொன்னா, மாநில மனநல ஆணையத்தோட பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்க. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி அது வேணும். யாராவது குடிச்சுட்டு வந்தா என்ன பண்ணுவீங்க, பாதியில கிளம்பினா எவ்வளவு திரும்பத் தருவீங்கன்னு கேட்டு, பதிலை எழுதி வாங்குங்க. ஃபோனைப் பிடுங்கி வெளிக்கதவைப் பூட்டுற இடம்னா, எவ்வளவு மலிவா இருந்தாலும் திரும்பி வந்துடுங்க.

இன்சூரன்ஸை நம்பி உக்காராதீங்க. மனநலச் சிகிச்சைக்கும் காப்பீடு தரணும்னு அதே சட்டம் சொல்லுது. ஆனா பல பாலிசியில எக்ஸ்க்ளூஷன் 12னு ஒரு வரி, போதைப் பழக்கச் சிகிச்சையை வெளியே தள்ளிடுது. உங்க பாலிசியை எடுத்துப் படிங்க. தங்குற செலவு எப்படியும் கையிலிருந்துதான். பழைய வரிமுறையில எச்ஆர்ஏ வாங்குறவங்க ரசீதுல வாடகையைத் தனியா, சாப்பாடு, கவுன்சலிங்கைத் தனியா போடச் சொல்லுங்க. வாடகை மட்டும்தான் கணக்குல வரும். வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினா உரிமையாளரோட பான் வேணும். (ஆடிட்டர்கிட்ட கதை கேட்டா இதையும் சேர்த்துத்தான் கேக்கணும்!)

18,000 முடியாதுன்னா? அமெரிக்காவுல 1975-ல மேரிலாண்டுல ஆக்ஸ்ஃபர்ட் ஹவுஸ்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. குடியை விட்டவங்களே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, செலவைப் பிரிச்சுக்கிட்டு, ஓட்டுப் போட்டு முடிவெடுத்து நடத்துறது. திரும்பக் குடிச்சா வெளியே போகணும். இதுக்கு முதலாளியும் வேண்டாம், லாபமும் வேண்டாம். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்குக் கட்டணமே கிடையாது. அங்கே ரெண்டு மூணு வருஷமா குடிக்காம இருக்கிறவங்ககிட்ட, ரூம் ஷேர் பண்ண ஆள் இருக்கான்னு கூச்சப்படாம கேளுங்க.

என் நண்பன் ரெண்டாவது தடவை அதைத்தான் பண்ணான். பெரம்பூர்ல மூணு பேர், ஆளுக்கு 6,500 வாடகை, சமையல் முறை வச்சு. வேளச்சேரி அட்வான்ஸ் திரும்பி வர மூணு மாசம் ஆச்சு. பெயிண்டிங் செலவுன்னு ஒரு மாச வாடகையைப் பிடிச்சுக்கிட்டாங்க. பரவாயில்லடான்னான்.