புதிதாய்த் தொழில் தொடங்குவோருக்கு ஊரார் செய்யவேண்டுவது

கிராமாந்தரங்களில் விவசாயத்தை ஒட்டிய சிறு தொழில்களைத் தொடங்கும் வாலிபரும் பெண்டிரும் இக்காலத்தில் பெருகி வருகின்றனர். குழித்தட்டில் நாற்று வளர்த்தல், சிப்பிக்காளான், மண்புழு உரம், மரச்செக்கு, பண்ணை இயந்திரங்களைப் பழுதுபார்த்தல் முதலியன அவற்றுட் சில. இவற்றுள் பல வேரூன்றுமுன்னரே மூடப்பட்டு விடுவதையும் காண்கிறோம். காரணம் கேட்டால் மூலதனம் போதவில்லை என்பார் சிலர். பயிற்சி போதவில்லை என்பார் வேறு சிலர். இரண்டும் ஓரளவு உண்மையே. ஆயினும் சொந்த ஊரிலேயே வாடிக்கை கிடையாமையும், வாங்கியவர் காலத்தில் ரொக்கம் கொடாமையுமே இத்தொழில்கள் நசிப்பதற்கு முக்கிய காரணங்கள் என்பது எமது அபிப்பிராயம். இக்குறையைச் சர்க்கார் தனித்து நின்று தீர்க்க இயலாது. நிலமுடைய குடியானவர்களும் கிராம அதிகாரிகளும் மனம் வைத்தால் தீர்க்கலாம்.

நாற்றுத் தொழிலையே எடுத்துக்கொள்வோம். 98 குழிகளுள்ள தட்டில் மக்கிய தென்னைநார்க் கழிவை நிரப்பி, குழிக்கு ஒரு விதை ஊன்றி, நிழல்வலைக் குடிலில் வைத்தால் தக்காளி நாற்று சுமார் 25 நாட்களில் நடவுக்கு ஆயத்தமாகும். இடைவெளிக்குத் தக்கபடி ஏக்கருக்கு ஏறக்குறைய 100 தட்டுகள் வேண்டும். வீரிய ஒட்டு விதையின் விலை குடியானவர் அறிந்ததே. அத்தனையும் நாற்றுக்காரன் முன்னதாகப் போடும் பணம். நாற்றோ காத்திருக்கும் சரக்கன்று. பத்து நாள் தாமதித்தால் வேர் குழிக்குள் சுற்றிக்கொள்ளும். தண்டு நீண்டு துவளும். பிறகு அதை இலவசமாய்க் கொடுத்தாலும் நடுதல் தகாது. ஆகவே அவனுக்கு வேண்டுவது ஊராரின் வாழ்த்தன்று. நடவுக்கு ஒரு மாதம் முன்னரே, இன்ன ரகத்தில் இத்தனை தட்டு என்னும் உறுதியும், விதைக்கேனும் போதுமான அச்சாரமுமேயாம். நடைமுறையோ வேறு. நடவன்று காலையில் வந்து நாற்று உண்டா என்று கேட்பதும், இல்லையென்றால் ஊர்ப் பையனை நம்பிப் பிரயோஜனமில்லை என்று சொல்லி நாற்பது மைல் தொலைவிலுள்ள பட்டணத்துக்கு வண்டி அனுப்புவதுமே வழக்கமாயிருக்கிறது. அங்கே அதே குடியானவர் முன்பணம் கட்டிவிட்டு வாய் திறவாமல் காத்திருக்கிறார்.

ரொக்கத்தைப் பற்றி இன்னும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பட்டணத்துக் கடையில் கைமேல் காசு கொடுக்கும் பெரிய மனிதர், உள்ளூர்ச் செக்குக்காரனிடம் எண்ணெய் வாங்கினால் அறுவடைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். 100 கிலோ நிலக்கடலைப் பருப்பை ஆட்டினால் சுமார் 40 கிலோ எண்ணெயும் 50 கிலோவுக்கு மேற்பட்ட புண்ணாக்கும் கிடைக்கும். அந்த எண்ணெய் விற்ற பணமே அடுத்த மூட்டைக்கு முதல். அது பத்து வீடுகளில் பாக்கியாய் நின்றால் செக்கு நின்றுவிடும். சிறுதொழில்களுக்கென 2006-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், பதிவுபெற்ற சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்குவோர் உடன்படிக்கை செய்துகொண்டாலும் 45 நாட்களுக்கு மேற்படாமல் விலையைச் செலுத்த வேண்டும் என்றும், தவறினால் வட்டி கொடுக்க வேண்டும் என்றும் விதித்திருக்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தைக் கையிற் பிடித்துக்கொண்டு பண்ணை வாசலில் எந்தப் பையனும் வந்து நிற்கப்போவதில்லை. அவன் தகப்பன் அதே பண்ணையில் கூலிக்கு வருபவனாயிருந்தால் கேட்கவே மாட்டான். சிலர் வாங்காமலிருப்பதற்கும் இதுவே அந்தரங்கக் காரணமென்று தோன்றுகிறது. நேற்றுவரை களத்தில் கூலி அளந்து வாங்கியவன் வீட்டுப் பிள்ளைக்கு இன்று நாம் விலை எண்ணிக் கொடுப்பதா என்னும் நினைவு பலர் மனத்தில் உண்டு. அதை எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

இரக்கத்தினால் மட்டமான சரக்கை வாங்கும்படி யாம் சொல்லவில்லை. நாற்று நோயுற்றதாயிருந்தால் திருப்பி அனுப்பலாம். அந்தக் குறையை அவனிடமே சொல்வது உபகாரம். தேநீர்க் கடையில் சொல்வது அபகாரம்.

நிற்க, இத்தொழிலாளர்களை ஒருவரோடொருவர் இணைத்துவிடுதலும் ஊரார் கடமையே. ஒருவன் கழிவென்று எறிவது மற்றொருவனுக்கு மூலப்பொருள். காளான் வளர்ப்போருக்குப் பூசணம் பிடியாத உலர்ந்த வைக்கோல் வேண்டும். அது நெற்குடியானவரிடம் இருக்கிறது. காளான் அறுத்து முடிந்த படுக்கையைச் சாணத்துடன் கலந்து மக்கவிட்டால் மண்புழு உரத்துக்கு உதவும். அவ்வுரம் நாற்றுக் குடிலுக்கும் காய்கறித் தோட்டத்துக்கும் செல்லும். செக்கின் புண்ணாக்கு பால்மாடு வைத்திருப்போருக்கு. அந்த மாட்டின் சாணம் மறுபடியும் உரக்குழிக்கு. இவர்கள் அனைவரும் ஒரே ஊராட்சியில் இருந்தும் ஒருவரையொருவர் அறியாமல், ஒவ்வொருவரும் தனித்தனியே பட்டணம் போய்வருகின்றனர். அறிமுகமின்மையால் நேரும் வேறொரு கேடும் உண்டு. ஒருவன் காளானில் நாலு காசு கண்டான் என்று தெரிந்ததும் அதே தெருவில் நால்வர் காளானே போடுகின்றனர். அறுத்த மறுநாளே வாடத் தொடங்கும் சரக்கு அது. ஐவரும் சேர்ந்து விலையைக் கெடுத்துக்கொள்கின்றனர். முன்கூட்டிக் கலந்து பேசியிருந்தால் ஒருவர் வித்து தயாரிக்கவும், ஒருவர் உலர்த்தி விற்கவும் ஏற்பாடு செய்திருக்கலாம்.

ஊரளவில் இவ்வாறு இணைவதன் வலிமை புதிதாய்க் கண்டறியப்பட்டதன்று. ஜெர்மனியில் ரைபைசன் என்பார் 1864-இல் நிறுவிய கடன் சங்கம் சிறிய எல்லைக்குள்ளேயே நின்றது. ஒருவரையொருவர் அறிந்தவர்களிடையே குணமே ஜாமீன் என்பது அதன் அஸ்திவாரம். சென்னை சர்க்காருக்காக அம்முறையை ஆராய்ந்து பிரடெரிக் நிக்கல்சன் எழுதிய அறிக்கைகள் 1895-லும் 1897-லும் வெளிவந்தன. 1904-இல் கூட்டுறவுச் சட்டம் பிறந்தது. குஜராத்தில் கேடா ஜில்லாவில் 1946-இல் பால் சங்கம் ஏற்பட்டதற்கு முன்பும் எருமைகள் இருந்தன, பாலும் இருந்தது. சங்கம் புதிதாய்க் கொண்டுவந்தது, ஊருக்குள்ளேயே தவறாமல் அளந்து வாங்கிக் கணக்காய்ப் பணம் பட்டுவாடா செய்யும் ஓர் இடத்தைத்தான்.

கிராம அதிகாரிகளால் ஆகக்கூடியது மிகுதி. சான்றிதழுக்கு ஒருவன் மூன்று தடவை அலைந்தால் மூன்று நாள் வேலை கெடும். உத்யம் பதிவுக்குக் கட்டணம் ஏதுமில்லை என்பதைக்கூட அறியாமல் தரகருக்குப் பணம் கொடுப்போர் இருக்கின்றனர். இதைச் சாவடியில் எழுதி ஒட்டினாலே போதும். பூட்டிக் கிடக்கும் ஊராட்சிக் கட்டடத்தில் ஓர் அறையையும், வாரச்சந்தையில் ஓரிடத்தையும் குறைந்த வாடகைக்கு ஒழித்துக் கொடுக்க ஊராட்சி மன்றத்தார் யோசிக்கலாம். எமது இலாகாவினரும், மானியம் வழங்கித் திறப்புவிழாவில் படம் எடுத்துக்கொள்வதோடு நில்லாமல், ஆறு மாதம் கழித்து அந்தக் கதவு திறந்திருக்கிறதா என்று போய்ப் பார்க்கவேண்டும்.

மாதம் ஒருமுறை, சந்தை நாளன்று மாலையில், கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தில் தொழில் செய்வோரும் வாங்குவோரும் கூடினால் நலம். பிரசங்கம் வேண்டாம், ஒரு கரும்பலகை போதும். அடுத்த மாதம் யார் எத்தனை ஏக்கர் காய்கறி நடுகிறார், யாரிடம் வைக்கோல் மிச்சம், யாருக்குப் புண்ணாக்கு வேண்டும் என்று எழுதி, அங்கேயே அச்சாரமும் கைமாறவேண்டும். மகளிர் சுயஉதவிக் குழுக்களில் கணக்கெழுதப் பழகிய பெண்கள் ஊர்தோறும் இருக்கின்றனர். புத்தகத்தை அவர்களிடம் ஒப்படைப்பதே உத்தமம். பாக்கி வைத்தவர் பெயரும் அதே பலகையில் ஏறலாமா என்று ஒரு கிராமத்தார் வினவினர். முதற் கூட்டங்களில் வேண்டாம் என்பது எமது யோசனை. ஆடிப் பட்டத்துக்கு நாற்று வேண்டுவோர் ஆனி பிறந்தவுடன் சொல்லிவைக்கத் தொடங்கட்டும்.