கடலே இல்லாத உத்திரமேரூருக்கு கடல் அறிக்கை எதுக்கு?

2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது, காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு இருந்த கடற்கரை மொத்தமும் கைவிட்டுப் போனது. மாமல்லபுரம், கோவளம் எல்லாம் அந்தப் பக்கம். இப்போது உத்திரமேரூர் இருப்பது கடலே இல்லாத மாவட்டத்தில். ஆனா அந்த ஊர் ஏரி நிரம்புமா, வறளுமா என்பதில் பெரிய பங்கு கடலுக்குத்தான்.

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் சுமார் 48 சதவீதம் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கிடைக்கிறது. அதன் ஈரப்பதம் வங்கக் கடலில் இருந்து வருவது.

2016 ஞாபகம் இருக்கா?

வர்தா புயல் வந்த வருஷம். புயலே வந்தும் அந்தப் பருவத்தில் மாநிலத்தின் மழை இயல்பைவிட 62 சதவீதம் குறைவு. பசிபிக்கில் அப்போது லேசான லா நினா. ‘லா நினா என்றால் நமக்கு மழை கம்மி’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் விதிக்கு இது சரியாகப் பொருந்துது. ஆனா 2021-லும் லா நினாதான், அந்த வருஷம் ஏரிகள் நிரம்பி வழிந்தன. ஒரு விதியை வைத்து மழையைச் சொல்லிவிட முடியாது. இந்தியப் பெருங்கடலின் எந்தப் பக்கம் சூடாக இருக்கு, அந்தச் சூடு எவ்வளவு ஆழம் வரை இருக்கு என்பதெல்லாம் தெரியணும்.

இதை யார் அளக்கிறாங்க?

உலகக் கடல்களில் ஏறக்குறைய 4,000 ஆர்கோ மிதவைகள் இருக்கின்றன. 1,000 மீட்டர் ஆழத்தில் மிதந்து, 10 நாளைக்கு ஒருமுறை 2,000 மீட்டர் வரை இறங்கி, வெப்பத்தையும் உப்பையும் அளந்தபடி மேலே வந்து, செயற்கைக்கோளுக்குத் தகவல் அனுப்பும். இந்தியாவில் இதை ஹைதராபாத்தின் இன்காய்ஸ் கவனிக்கிறது. வங்கக் கடலில் நங்கூரமிட்ட மிதவைகளைப் பராமரிப்பது நம்ம பள்ளிக்கரணை என்ஐஓடி.

ஆர்கோ பேட்டரி சில வருஷம்தான் தாங்கும், புதுசு போட்டுக்கொண்டே இருக்கணும். மிதவைகளில் ஏறக்குறைய பாதி அமெரிக்கா போடுவது. அந்த நாட்டின் கடல், வளிமண்டல ஆய்வுக்கான நிதியைப் பெருமளவு வெட்ட 2025-ல் அங்கே முன்மொழிவு வந்தது. இதுக்கு ஒரு முன்கதையும் உண்டு. பசிபிக்கில் எல் நினோவைக் கண்காணிக்கும் மிதவைகளுக்குப் பராமரிப்புக் கப்பல் 2012-ல் நிறுத்தப்பட்டது. இரண்டே வருஷத்தில் அங்கிருந்து வரும் தரவு பாதிக்கும் கீழே போனது.

ஐ.நா. அறிக்கை என்ன சொல்லுது?

2002 ஜோகன்னஸ்பர்க் மாநாட்டில் பேசப்பட்டு உருவானதுதான் ‘உலகக் கடல் மதிப்பீடு’. முதல் அறிக்கை 2015-ல் முடிந்தது, இரண்டாவது 2021 ஏப்ரலில் வந்தது. கடலில் ஆக்சிஜன் குறைந்து உயிர்கள் வாழ முடியாத ‘செத்த மண்டலங்கள்’ 2008-ல் 400-க்கு மேல் இருந்தவை, 2019-ல் 700-ஐ நெருங்கிவிட்டன என்றது அது.

இந்த அறிக்கை எந்த நாட்டுக்கும் ‘இதைச் செய்’ என்று சொல்லாது. நிலைமையைச் சொல்லும், முடிவு அரசுகளின் கையில். அதனால் நாடுகள் இதை ஏற்பது சுலபம். அதனாலேயே இதைக் கண்டுகொள்ளாமல் விடுவதும் சுலபம் என்பது என் கருத்து.

உத்திரமேரூரில் 1,100 வருஷத்துக்கு முன் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு ‘ஏரி வாரியம்’ பற்றிப் பேசுகிறது. குடவோலை எல்லாருக்கும் தெரியும். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி தேர்வாக முடியாது, அவர் சொந்தக்காரருக்கும் தடை என்பது அவ்வளவாகப் பேசப்படாத பகுதி. கடலுக்குக் கணக்கு எழுதுறாங்க. அதைப் பார்த்து நடக்காத அரசை யார் கேட்பது என்பதுக்குத்தான் விதி இல்லை.

நம்ம ஊரிலும் ஒரு இடைவெளி இருக்கு. கடல் தரவை வைத்து, மீன் கிடைக்க வாய்ப்புள்ள பகுதிகளை மீனவர்களுக்கு இன்காய்ஸ் சொல்கிறது. வானிலை ஆய்வு மையத்தின் வடகிழக்குப் பருவமழை முன்கணிப்பில் தலையாய எண்ணோ தமிழ்நாடு, கேரளா, ஆந்திரா, கர்நாடகாவின் தென்பகுதி எல்லாம் சேர்த்த ‘தென் தீபகற்பம்’ முழுமைக்கும் ஒரே வரியாக வருகிறது. சம்பா விதைக்கலாமா வேண்டாமா என்று ஏரியைப் பார்த்து நிற்பவருக்கு அந்த ஒரு வரி போதாது.